உடைந்த தட்டும் நான்கு டங்ஸ்டன் கம்பிகளும்

சத்தம் கேட்டதும் கெப்பாசிட்டர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன். நீண்ட மின்பொறிகளை வீசும் டெஸ்லா காயில் ஓட்டுகிறவர்களுக்கு, அதில் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் கெப்பாசிட்டர்மேல் எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. மெயின் சுவிட்சை அணைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, மிஞ்சிய மின்சாரத்தை இறக்கும் டிஸ்சார்ஜ் கம்பியால் தொட்டுவிட்டுக் கிட்டப் போய்ப் பார்த்தால் கெப்பாசிட்டர் வரிசை அப்படியே இருந்தது. பொறியைத் தாவவிடும் சுழல் சுவிட்சான ரோட்டரி ஸ்பார்க் கேப்பின் தட்டில்தான் கால்வாசியைக் காணோம். அந்தத் துண்டு, தன்மேல் மாட்டியிருந்த பித்தளை போல்ட்டோடு சேர்ந்து, பக்கத்தில் நிறுத்தியிருந்த பிளைவுட் பலகையில் குத்திக்கொண்டு நின்றது. அந்தப் பலகையை நான் பாதுகாப்புக்காக வைக்கவில்லை. பொறியின் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதே என்று வைத்திருந்தேன்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு, முன்பே போட்டிருக்க வேண்டிய கணக்கைப் போட்டேன். அக்ரிலிக் தட்டு. நடுவிலிருந்து 9 செ.மீ. தூரத்தில் நான்கு பித்தளை போல்ட்டுகள். நட்டோடு சேர்த்து ஒன்று 15 கிராம். ஓட்டியது பிரஷ் வைத்த யுனிவர்சல் மோட்டார், நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,000 சுற்று. அந்த வேகத்தில் 15 கிராம் போல்ட் வெளிப்பக்கமாக இழுக்கும் விசை, 54 கிலோ எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். ஒரு ஆளைத் தொங்கவிடுவது மாதிரி. அதுவும் பொறியின் சூட்டில் இளகத் தொடங்கும் அக்ரிலிக்கில் போட்ட ஓட்டையில். மிச்சமிருந்த மூன்று ஓட்டைகளையும் பார்த்தேன், மூன்றுமே முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. ஒன்றிலிருந்து விளிம்பு வரைக்கும் முடி அளவில் விரிசல். இத்தனை நாள் தாங்கியதே பெரிய விஷயம்.

இது என்ன கருவி என்று தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டெஸ்லா காயிலில் டிரான்ஸ்ஃபார்மர் ஒரு கெப்பாசிட்டரை நிரப்பும். நிரம்பியதை ஒரே அடியில் காயிலின் முதல் சுருளான பிரைமரிக்குள் கொட்ட ஒரு சுவிட்ச் வேண்டும். 20,000 வோல்ட்டைத் தடுத்து நிறுத்தி, அடுத்த கணமே நூற்றுக்கணக்கான ஆம்பியரை விட வேண்டிய சுவிட்ச் அது. டெஸ்லா தன் காயிலை உருவாக்கிய 1891 காலத்திலிருந்தே அந்த வேலையைக் காற்றில் தாவும் பொறிதான் செய்துவந்தது. ரோட்டரி வகையில் சுழலும் தட்டின் மின்முனைகள் நிலையான மின்முனைகளை நெருங்கும்போது மட்டும் பொறி தாவும். முனை விலகியதும் பாதை அறுந்துவிடும். சுழற்சி கிளப்பும் காற்றே முனைகளைக் குளிரவும் வைக்கும்.

என் தவறு, இதை ஒரு மின் உறுப்பாக மட்டும் பார்த்தது. எத்தனை மி.மீ. இடைவெளி, எந்த உலோகம், எத்தனை பொறி என்றே யோசித்தேன். இது முதலில் ஒரு சுழலும் இயந்திரம், வேகமாகச் சுற்றும் எதற்கும் உள்ள எல்லாத் தொல்லைகளும் இதற்கும் உண்டு என்பது தட்டு உடைந்த பிறகுதான் உறைத்தது. அதனால் மறுபடி கட்டும்போது ஒரு முடிவெடுத்தேன்: இயந்திரமாக இது தேறும்வரை உயர் மின்னழுத்த வயரை இதன் பக்கத்தில் கொண்டுவருவதில்லை.

வேகத்தை முதலில் கேள்வி கேட்டேன். 6,000 சுற்று, நான்கு போல்ட். அதாவது வினாடிக்கு 400 பொறி. அந்தக் கீச்சென்ற ஓசை கேட்கக் கம்பீரமாக இருக்கும். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் ரசித்தார்கள். ஆனால் என்னிடம் இருந்தது 15,000 வோல்ட், 60 மில்லி ஆம்பியர் நியான் போர்டு டிரான்ஸ்ஃபார்மர். அது தரும் மின்னோட்டத்துக்கு வரம்பு உண்டு. வினாடிக்கு 400 தடவை கேட்டால், கெப்பாசிட்டர் பாதிகூட நிரம்பாத நேரத்தில் பல பொறிகள் போய்விடும். அதைவிட மோசமானது, மோட்டாரின் வேகத்துக்கும் மெயின்ஸ், அதாவது வீட்டு மின்சாரத்தின், அலைக்கும் சம்பந்தமே இல்லாதது. சில நேரம் அலையின் உச்சியில் பொறி விழும், சில நேரம் அடிவாரத்தில். நடுவில் பொறி தவறினால் கெப்பாசிட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து ஒத்ததிர்வில் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போகும், டிரான்ஸ்ஃபார்மரின் உட்சுற்று எரியும் அளவுக்கு. இந்த வகை டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்த வகை மோட்டார் பொருந்தாது. கம்பீரமான ஓசைக்காக ஒன்றரை வருடம் பொருந்தாத ஜோடியை ஓட்டியிருக்கிறேன்.

சரி, மெயின்ஸோடு பூட்டிக்கொண்டு சுற்றும் சின்க்ரனஸ் வகைக்கு மாறுவது என்று முடிவானது. 50 ஹெர்ட்ஸில் நான்கு துருவ மோட்டார் மெயின்ஸோடு ஒட்டி ஓடினால் நிமிடத்துக்கு 1,500 சுற்று, வினாடிக்கு 25. தட்டில் நான்கு முனை இருந்தால் 100 பொறி. அலையின் மேல் உச்சிக்கு ஒன்று, கீழ் உச்சிக்கு ஒன்று. 60 ஹெர்ட்ஸ் உள்ள இடங்களில் அதே மோட்டார் 1,800 சுற்று ஓடும், பொறி 120 ஆகும். வேகம் நாலில் ஒரு பங்கானால் வெளி இழுப்பு பதினாறில் ஒரு பங்கு: 54 கிலோவுக்குப் பதில் சுமார் மூன்றரைக் கிலோ. இந்த ஒரு வரிக்காகவே மாறியிருக்கலாம்.

சாதாரண இண்டக்ஷன் மோட்டார் 1,500-ஐத் தொடாது. கொஞ்சம் பின்தங்கி 1,440 வாக்கில் ஓடும். அதை மெயின்ஸோடு பூட்ட, உள்ளே சுழலும் ரோட்டரின் வட்டப் பரப்பில் 90 டிகிரிக்கு ஒன்றாக நான்கு தட்டைப் பட்டைகளைச் செதுக்கி எடுக்க வேண்டும். அப்போது ரோட்டருக்கே துருவங்கள் போன்ற மேடுகள் கிடைக்கும், சுழலும் காந்தப்புலம் அந்த மேடுகளைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு முனையிலும் உள்ள அலுமினிய வளையத்தில் மட்டும் அரம் படக்கூடாது. அதுதான் ரோட்டருக்குள் ஓடும் மின்னோட்டத்துக்கு வழி.

முதல் தடவை பயந்து பயந்து மெல்லிய பட்டையாக எடுத்தேன். தட்டு இல்லாமல் ஓட்டினால் அழகாகப் பூட்டியது. தட்டை மாட்டியதும் பூட்டு விழவே இல்லை. மறுபடி பிரித்து, பட்டையைக் கொஞ்சம் அகலமாக்கி, மறுபடி சேர்த்து மாட்டி, மறுபடி ஓட்டி... மூன்று தடவை. மூன்றாவதில் நின்றது. இதற்குக் கொடுத்த விலை, மோட்டாரின் பலம் குறைந்ததும் சூடு கூடியதும். பத்து நிமிடம் ஓடினால் உடலைத் தொட முடியவில்லை. அதனால் ஒரு ஓட்டம் மூன்று நிமிடத்துக்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன்.

பூட்டியதா இல்லையா என்று எப்படித் தெரியும்? காதை நம்பினேன், காது ஏமாற்றியது. 1,440-க்கும் 1,500-க்கும் ஓசையில் வித்தியாசம் பிடிக்க என்னால் முடியவில்லை. கடைசியில் உதவியது சுவிட்ச் போர்டில் இருக்கும் சின்ன நியான் இண்டிகேட்டர் பல்புதான். அது 50 ஹெர்ட்ஸில் வினாடிக்கு 100 தடவை மின்னி அணைகிறது. நம் கண்ணுக்குத்தான் தெரிவதில்லை. தட்டில் 90 டிகிரிக்கு ஒன்றாக நான்கு வெள்ளைக் கோடுகள் போட்டு, அறையை இருட்டாக்கி, அந்தப் பல்பு வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு மின்னலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் தட்டு மிகச் சரியாகக் கால் சுற்று சுற்றினால் கோடுகள் அசையாமல் நிற்கும். 1,440-இல் ஓடினால் வினாடிக்கு ஒரு சுற்று வீதம் பின்னோக்கி நகரும். கோடுகள் நகர்ந்து நகர்ந்து வந்து, ஒரு கணம் தயங்கி, டக்கென்று உறைந்து நின்றதைப் பார்த்தபோது, முதல் தடவை காயிலில் பொறி பார்த்த நாளைவிட அதிகம் சந்தோஷப்பட்டேன். சுற்றுகிற தட்டு நிற்பதுபோலவே தெரியும் என்பதால், கையை நீட்டிவிடக் கூடாது என்று எனக்கு நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன். விளையாட்டில்லை, அவ்வளவு நிஜமாக நிற்கும்.

தட்டுக்குச் சர்க்யூட் போர்டு செய்யும் அதே எஃப்.ஆர்-4 வகை, கண்ணாடி நாரும் எபாக்ஸியும் சேர்ந்த 10 மி.மீ. தகடு. காகிதமும் பிசினும் சேர்ந்த பழைய பழுப்பு நிறத் தகடு சுலபமாகக் கிடைக்கும், அறுப்பதும் சுலபம். ஆனால் பொறி அதன்மேல் ஒரு தடவை ஊர்ந்துவிட்டால் கரிக்கோடு விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும், அப்புறம் அதே கோட்டில்தான் எல்லாப் பொறியும் ஓடும். கண்ணாடி நார்த் தகட்டை அறுக்கும்போது வரும் தூசி தோலில் பட்டால் இரண்டு நாள் அரிக்கும், நுரையீரலுக்கும் ஆகாது. தண்ணீர் தெளித்துக்கொண்டே, முகமூடி போட்டு அறுத்தேன்.

மின்முனைக்கு டங்ஸ்டன். 3,422 டிகிரி செல்சியஸ் வரை உருகாத உலோகம். பித்தளை போல்ட்டின் தலை நான்கு மாதத்தில் தேய்ந்து மொட்டையானதைப் பார்த்தவனுக்கு வேறு எதுவும் பிடிக்காது. டிக் வெல்டிங்கில் பயன்படும் 3.2 மி.மீ. கம்பி போதும். வாங்கும்போது நுனியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு நுனி என்றால் தோரியம் கலந்தது, கதிரியக்கம் உள்ளது. முழுக் கம்பியாகக் கையில் வைத்திருப்பதில் பெரிய பயமில்லை, அதைத் தேய்த்த தூசியை மூச்சில் இழுப்பதுதான் ஆபத்து. நமக்கோ அறுக்கவும் தேய்க்கவும் வேண்டியிருக்கிறது. தூய டங்ஸ்டனான பச்சை நுனியோ, லாந்தனம் கலந்த தங்க நிற நுனியோ எடுத்துக்கொள்வது நல்லது.

இரும்புக் கம்பியைப்போல வைஸில் பிடித்துச் சுத்தியலால் தட்டி ஒடிக்கப் பார்த்தேன். மூங்கில் பிளப்பதுபோல நீளவாக்கில் பிளந்தது. ஒரு கம்பி வீண். மிச்சத்தை மெல்லிய வைர அறுப்புத் தகட்டில் தண்ணீர் விட்டுப் பொறுமையாக அறுத்தேன். ஒவ்வொன்றும் 35 மி.மீ. தட்டைத் துளைத்து இரண்டு பக்கமும் சமமாக நீட்டிக்கொண்டிருக்கும்படி, திருகு வைத்த பித்தளைக் காலருக்குள் நிறுத்தினேன். தட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு நிலையான முனை, அந்தப் பக்கம் ஒரு நிலையான முனை. நடுவில் சுழலும் கம்பி வந்ததும் இரண்டு இடைவெளிகளையும் பொறி தாவும். பக்கத்துக்கு 1 மி.மீ.

அந்த 1 மி.மீ. என்பது தட்டு தள்ளாடாமல் ஓடினால் மட்டும்தான் 1 மி.மீ. முதல் தடவை மாட்டிச் சுற்றியபோது விளிம்பு பக்கவாட்டில் 0.6 மி.மீ. ஆடியது. அதாவது ஒரு பக்கம் 0.4-க்குச் சுருங்கும் இடமும் உண்டு. தகட்டைக் குறை சொன்னேன். அது வளைந்திருக்கும் என்று. உண்மையில் ஷாஃப்டில் மாட்டும் ஹப்பின் முகம்தான் சரிவாக இருந்தது. லேத்தில் ஹப்பை ஷாஃப்டோடு சேர்த்து மாட்டி முகத்தைக் கடைந்ததும் 0.1-க்கு வந்தது.

எடைச் சமனுக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. தட்டை ஒரு நேரான அச்சில் செருகி, மட்டம் பார்த்த இரண்டு கத்தி விளிம்புகளின்மேல் வைத்து விட்டால், கனமான பக்கம் தானே கீழே உருண்டு வந்து நிற்கும். அந்தப் பக்கத்துக் காலரில் அரத்தால் கொஞ்சம் தேய்க்க வேண்டும். எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்கும்வரை ஒரு மாலைப்பொழுது முழுக்க இதைச் செய்தேன். பொதுவாகப் பொறுமை இல்லாத ஆள் நான். பிளைவுட்டில் குத்தி நின்ற துண்டை மேஜையில் கண்ணெதிரே வைத்துக்கொண்டதால் முடிந்தது.

அப்புறம் வெறும் சுழற்சிச் சோதனை. தடித்த பாலிகார்பனேட் கூண்டுக்குள், அதற்கு வெளியே மணல் மூட்டை அடுக்கி, நான் அடுத்த அறையில் நின்று ஓட்டினேன். பழைய யுனிவர்சல் மோட்டாரை வைத்தே தட்டை மட்டும் 2,200 சுற்று வரை ஏற்றி ஐந்து நிமிடம் விட்டேன். வேலை செய்யும் வேகத்தைவிட ஒன்றரை மடங்கு வேகம் என்றால் விசை இரண்டு மடங்குக்குமேல். நிறுத்தியதும் காலர் திருகுகளில் போட்டிருந்த பெயின்ட் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒன்று நகர்ந்திருந்தது. அதைக் கழற்றி, திருகுப் பசை விட்டு இறுக்கி, முதலிலிருந்து சோதனை. இரண்டாவது தடவை எதுவும் நகரவில்லை.

மின்சாரப் பக்கத்தில் கெப்பாசிட்டரையும் மாற்ற வேண்டியிருந்தது. இந்த டிரான்ஸ்ஃபார்மரோடு 50 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும் அளவு ஏறத்தாழ 12.7 நானோ ஃபாரட். சுழலாத, நிலையான கேப்புக்கு அதைப்போல ஒன்றரை மடங்கு வைப்பார்கள், என்னிடம் இருந்த கெப்பாசிட்டரும் அந்த அளவுதான். சின்க்ரனஸ் கேப் குறித்த நேரத்தில் மட்டுமே சுடுவதால் இரண்டரை மடங்குக்குமேல் போகலாம். பாலிப்ரொப்பிலீன் பல்ஸ் கெப்பாசிட்டர்களைக் கூடுதலாகக் கோத்து 34 நானோ ஃபாரட் ஆக்கினேன். 20,000 வோல்ட் வரை நிரம்பினால் ஒரு பொறிக்கு 6.8 ஜூல், வினாடிக்கு 100 பொறி என்றால் 680 வாட். டிரான்ஸ்ஃபார்மரால் சுமக்க முடிகிற அளவு. ஒவ்வொரு கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 10 மெகா ஓம் ரெசிஸ்டர் கட்டாயம். அது இல்லாத கெப்பாசிட்டர் வரிசை, அணைத்து நெடுநேரம் ஆன பிறகும் ஆளைக் கொல்லும். ரெசிஸ்டர் இருந்தாலும் டிஸ்சார்ஜ் கம்பியால் தொடாமல் கை வைப்பதில்லை.

டிரான்ஸ்ஃபார்மர் முனைகளில், மின்னழுத்தம் அளவுமீறினால் பொறியாகத் தாவி வழிந்துபோக ஒரு சேஃப்டி கேப் வைத்தேன்; நடுமுனை எர்த்தில். கெப்பாசிட்டரைக் கழற்றிவிட்டு, டிரான்ஸ்ஃபார்மருக்கு முழு மின்சாரம் கொடுத்தால் அந்த இடைவெளியில் பொறி விழக்கூடாது. விழுந்தால் அணைத்துவிட்டு இடைவெளியைக் கொஞ்சம் கூட்டி, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும். விழாமல் நின்ற முதல் அளவில் விட்டுவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சுற்றுகூடத் திறக்கக்கூடாது.

ஒரு சுவிட்ச் வரிசையும் வகுத்தேன். மோட்டார் முதலில், நியான் வெளிச்சத்தில் கோடுகள் உறைந்த பிறகே உயர் மின்னழுத்தம். அணைக்கும்போது நேர் எதிர். தட்டு முனைகள் விலகிய நிலையில் நின்றிருக்க டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டால் கெப்பாசிட்டருக்குக் கொட்ட வழியே இருக்காது, ஏறிக்கொண்டே போகும். நினைவை நம்பாமல், மோட்டாருக்கு மின்சாரம் போகாவிட்டால் டிரான்ஸ்ஃபார்மருக்கும் போகாதபடி ரிலே வைத்தேன். மோட்டார் வயர், டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் வழியாகப் போகக்கூடாது; நேரடியாக மெயின்ஸிலிருந்து.

முதல் ஓட்டம், வேரியாக்கை முழுதாக ஏற்றாமல். சேஃப்டி கேப் குரைத்துக்கொண்டே இருந்தது, காயிலில் ஒன்றும் இல்லை. கோடுகளோ கல் மாதிரி நின்றன. இங்கேதான் ஃபேஸ் என்ற விஷயம் வருகிறது. மோட்டார் மெயின்ஸோடு பூட்டியிருக்கலாம், ஆனால் முனைகள் நேருக்கு நேர் வரும் கணம் அலையின் உச்சிக்குப் பக்கத்தில் இல்லை என்றால் பயனில்லை. இதற்காகவே மோட்டாரைத் தொட்டில்போல ஒரு வளையத்தில் உட்காரவைத்து, உடலையே திருப்பி இறுக்கும்படி செய்திருந்தேன். ஓரத்தில் டிகிரி குறித்த காகிதப் பட்டை. நான்கு துருவ மோட்டாரில் உடலை 1 டிகிரி திருப்பினால் மின் அலையில் 2 டிகிரி நகரும். ரோட்டர் நான்கு நிலைகளில் எதில் வேண்டுமானாலும் பூட்டிக்கொள்ளும், ஆனால் முனைகளும் 90 டிகிரிக்கு ஒன்றாக இருப்பதால் எதில் பூட்டினாலும் ஒன்றுதான்.

ஓடும்போது திருப்பவில்லை. ஒவ்வொரு தடவையும் அணைத்து, டிஸ்சார்ஜ் செய்து, 3 டிகிரி திருப்பி, மறுபடி போட்டு, நோட்டில் எழுதி. பதினொரு தடவை. ஒரு பக்கம் போனால் சேஃப்டி கேப் குரைத்தது, மறுபக்கம் போனால் காயிலின் பொறி சூம்பியது. நடுவில் 6 டிகிரி அகலத்துக்கு ஒரு நல்ல இடம். அங்கே சேஃப்டி கேப் வாயே திறக்கவில்லை. வேரியாக்கை முழுதாக ஏற்றியபோது காயிலின் பொறி 110 செ.மீ. வந்தது. பழைய கேப்பில் அதிகபட்சம் 65.

ஓசைதான் மாறிவிட்டது. கீச்சென்ற பாட்டு போய், கனமான ஒரு உறுமல். கப்பல் வயர்லெஸ் காலத்தில் இந்த ஓசைக்கே மதிப்பு இருந்தது. 1912-இல் மூழ்கிய டைட்டானிக்கில் இருந்த 5 கிலோவாட் மார்கோனி கருவியும் ரோட்டரி கேப்தான். அதன் சீரான ராகம் இடி மின்னலின் கரகரப்புக்கு நடுவிலும் தனித்துக் கேட்கும் என்பதால் அதை விரும்பினார்கள். எனக்கு அந்த நியாயம் கிடையாது. பார்க்க வந்த நண்பர், "பழைய சத்தம்தான் நல்லா இருந்துச்சு" என்றார். பிளைவுட் பலகையைக் காட்டினேன்.

பாதுகாப்பில் மற்றவை எல்லோரும் சொல்வதுதான். கேப்பை நேராகப் பார்க்காதீர்கள், வெல்டிங் வெளிச்சம்போல அதிலும் புற ஊதாக் கதிர் உண்டு. ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடும் வரும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். காதுக்குக் கவசம். பேஸ்மேக்கர் வைத்தவர் அருகில் வேண்டாம். காயிலின் அடிமுனைக்கு வீட்டு எர்த் அல்லாத தனி எர்த்.

மொத்தம் 40 நிமிடம் ஓட்டிய பிறகு பிரித்து அளந்தேன். சுழலும் கம்பிகளில் தேய்மானம் கேலிப்பருக்குக்கூடச் சரியாகச் சிக்கவில்லை. நிலையான முனைகள் இரண்டும் 0.3 மி.மீ. குறைந்து, நுனி நீலம் பாரித்திருந்தன. யோசித்தால் நியாயம்தான். சுழலும் நான்கும் வேலையைப் பங்கு போட்டுக்கொண்டு நடுவில் காற்று வாங்குகின்றன, இந்த இரண்டு மட்டும் ஒவ்வொரு பொறியையும் வாங்குகின்றன. இப்போது அவற்றைத் தடித்த பித்தளைக் கட்டைக்குள் நிறுத்தி, பின்னால் அலுமினியத் துடுப்புகள் வைத்திருக்கிறேன். முன்னால் தள்ளிச் சரிசெய்யத் திருகும் உண்டு. ஓட்டங்கள் சேர்ந்து பத்து நிமிடம் ஆகும்போதெல்லாம் ஒரு தடவை 1 மி.மீ. கேஜை உள்ளே விட்டுப் பார்த்து நோட்டில் குறிக்கிறேன். பெயின்ட் கோடுகளையும் அப்போதே பார்த்துவிடுகிறேன்.